ஊவெயைப் பிடியுங்கோ

என்னை அந்த அணியில் சேர்த்தது என் ஆட்டத்துக்காக அல்ல, விதிக்காக. எங்கள் பல்கலைக்கழகத்தின் பொழுதுபோக்குக் கால்பந்து லீக்கில் அணிக்கு ஏழு பேர். அதில் இரண்டு பெண்களாவது எந்நேரமும் மைதானத்தில் நிற்க வேண்டும். 'நிற்க வேண்டும்' என்றுதான் விதியில் எழுதியிருந்தது, ஓட வேண்டும் என்று எங்கும் இல்லை. அதை நம்பித்தான் நான் சேர்ந்தேன்.

ஜெர்மனியின் ஹனோவருக்கு முதுகலை படிக்க வந்து, முதல் குளிர்காலத்தை எப்படியோ தாண்டியிருந்தேன். மாணவர் உணவகத்தின் வரிசையில் நின்றபடி அம்மாவோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஒருவர் நான் போனை வைக்கும்வரை காத்திருந்து, "அக்கா, நீங்கள் தமிழோ? பந்து விளையாடுவியளோ?" என்றார். அவர்தான் கேப்டன். பீலெஃபெல்டில் பிறந்து வளர்ந்தவர், பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்னை அக்கா என்றது சுருக்கென்றது. மரியாதைக்குச் சொல்வது என்று பிறகு தெரிந்தது. அப்படியும் எனக்கு ஆறவில்லை.

"நான் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டார்.

"நான் மதுரைங்க. எனக்கா தமிழ் புரியாது?" என்றேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அப்படி ஒரு முறை சொல்லிவிட்டால் அப்புறம் எதையும் திருப்பிக் கேட்க முடியாது. பயிற்சிக்கு வந்த முதல் நாளே 'கெதியா' என்றால் வேகமாக, 'பேந்து' என்றால் பிறகு என்பதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. தெரியாததை ஒரு தலையாட்டலில் மறைத்தேன். "வடிவா அடியுங்கோ" என்று அவர் சொன்னபோது நன்றாக அடி என்கிறார் என்று புரியாமல், அழகாக அடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து, காலை நளினமாகத் தூக்கிப் பந்தை உதைத்தேன். பந்து பக்கத்து மைதானத்துக்குப் போயிற்று. ஜெர்மனியிலேயே பிறந்த பிள்ளைகளிடம் போய் மதுரைக்காரி தமிழுக்கு அர்த்தம் கேட்பதா? செத்தாலும் மாட்டேன் என்று இருந்தேன்.

அணியில் பாதிப் பேர் இங்கேயே வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளைகள், பாதிப் பேர் என்னைப்போலத் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள். கோல்கீப்பர் கோயம்புத்தூர்க்காரர், ஆய்வு மாணவர். பந்து வரும்போதெல்லாம் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார். இன்னொரு பெண் ஹனோவரிலேயே வளர்ந்த மருத்துவ மாணவி. அவள் நிஜமாகவே ஆடுவாள், அதனால் என் நிலைமை இன்னும் மோசமாகத் தெரிந்தது. மஞ்சள் சட்டைகளை ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்திருந்தார். அதற்குக் கைம்மாறாக எல்லோர் முதுகிலும் 'யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள் இங்கே கிடைக்கும்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார். எதிரணிக்காரர்கள் அதை ஏதோ போர் முழக்கம் என்று நினைத்தார்கள். நாங்களும் திருத்தவில்லை.

லீக்கில் நடுவர் கிடையாது. தகராறு வந்தால் இரண்டு கேப்டன்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சின்ன மைதானம் என்பதால் ஆஃப்சைடும் கிடையாது, யாரும் எங்கேயும் நிற்கலாம். நான் சேரும்போது அணி உருவாகி மூன்றரை வருடம் ஆகியிருந்தது. இதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. ஒரு முறை எதிரணி வராமல் போய்விட்டதால் வெற்றி எங்களுக்கு என்று சொன்னார்களாம். கேப்டன் வேண்டாம் என்றுவிட்டார். "வராதவையை வெல்லுறது ஒரு வெற்றியே?" என்று கேட்டாராம். எனக்கு இது வடிகட்டின முட்டாள்தனமாகப் பட்டது. கொடுத்ததை வாங்கிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

காரணம் முதல் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஆட்டம் முடிந்ததும் அவருடைய போன் அடித்தது. பீலெஃபெல்டிலிருந்து அப்பா. அவர் அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் தன் கல்லூரி அணிக்கு ஆடியவர். அப்பாவின் பேச்சில் அந்த அணி எந்தப் பருவத்திலும் தோற்றதே இல்லை. தோற்கடித்தவர்கள் யாரும் பீலெஃபெல்டில் குடியேறவில்லை என்பதால் மறுத்துச் சொல்லவும் ஆளில்லை.

"வெண்டனீங்களோ?" ஜெயித்தீர்களா என்று அவர் போனில் கேட்டது எங்களுக்கே காதில் விழுந்தது.

"இல்லை அப்பா."

"சரி, பரவாயில்லை. சாப்பிட்டனியோ?"

இதே மூன்று வரி, மூன்றரை வருடமாக, ஆட்டம் உள்ள ஒவ்வொரு ஞாயிறும். அப்பா ஒரு முறைகூடக் கோபப்பட்டதில்லையாம். "அதுதான் பெரிய ஆக்கினை" என்றார் கேப்டன். அந்தக் கோடைப் பருவத்தோடு அவருக்குப் படிப்பு முடிகிறது. பிராங்பேர்ட்டில் வேலை கிடைத்துவிட்டது. அதற்குள் ஒரே ஒரு தடவை நிஜமாகவே ஆடி ஜெயித்து, அந்தக் கேள்விக்கு 'ஓம்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. விதிக்காக நிற்க வந்தவள் ஓட ஆரம்பித்தது அன்றுதான்.

ஓடியதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் தடுப்பாட்டத்தில் இருந்தேன். எதிரணி ஆள் பந்தோடு எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் கேப்டன் எங்கிருந்தோ ஓடிக்கொண்டே கத்துவார்.

"அக்கா! ஊவெனைப் பிடியுங்கோ!"

முதல் குறை அந்தப் 'பிடியுங்கோ'. 'பிடி' என்றால் போதும். ஆனால் பெண்பிள்ளையிடம், அதுவும் தானே அக்கா என்று அழைத்தவளிடம், 'பிடி' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. 'யுங்கோ' முடிவதற்குள் பந்து வலைக்குள் இருக்கும். அந்தப் பருவத்தில் நாங்கள் வாங்கிய கோல்களில் பாதி அவருடைய மரியாதையால் வாங்கியவை.

இரண்டாவது குறை என்னுடையது. ஊவெ யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஊவெ என்பது ஜெர்மன் ஆண் பெயர் என்று தெரியும். எதிரணியின் முக்கிய ஆட்டக்காரன் பெயர் போலிருக்கிறது, கேப்டன் விசாரித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணா என்பது கண்ணனை ஆவதுபோல ஊவெ ஊவெனை ஆகியிருக்கிறது, இதில் என்ன இருக்கிறது? ஆனால் அதே பெயர் இரண்டாவது ஆட்டத்திலும் வந்தது. அது முற்றிலும் வேறு அணி, பொறியியல் மாணவர்கள். அங்கேயும் ஒரு ஊவெ. மூன்றாவது அணியிலும் ஒரு ஊவெ. கோல் போடுபவன் எல்லாம் ஊவெ.

என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்த ஜெர்மன் தோழியிடம் கேட்டேன். "இருபது வயதில் ஊவெயா?" என்று சிரித்தாள். அது அவளுடைய தாத்தாவோடு சீட்டாடுகிறவர்களின் பெயராம். இந்தத் தலைமுறையில் யாரும் வைப்பதில்லையாம். எனக்குக் குழப்பம் அதிகமாயிற்று. வழக்கொழிந்த பெயர் வைக்கப்பட்ட பையன்கள் எல்லாம் மன வருத்தத்தில் கால்பந்துக்கு வந்து, அந்த ஆத்திரத்தில் கோல் போடுகிறார்கள் என்று ஒரு கோட்பாடே உருவாக்கினேன். கோல்கீப்பரிடம் அதை விளக்கியபோது அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இன்ட்ரஸ்டிங்ங்க" என்றார். ஆய்வு மாணவர்கள் எதையும் உடனே மறுப்பதில்லை.

நான்காவது ஆட்டத்துக்கு முன்னால் ஒரு முடிவுக்கு வந்து நேராக எதிரணியிடம் போனேன். "உங்களில் ஊவெ யார்?" என்று ஜெர்மனில் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் நின்ற ஒரு சுருட்டை முடிக்காரன், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான்தான்" என்று கையைத் தூக்கினான். அன்று முழுக்க அவனை ஒட்டிக்கொண்டே நின்றேன். அவன் தண்ணீர் குடிக்கப் போனால் நானும் போனேன். இடைவேளையில் அவன் சிகரெட் பிடித்தபோது கைக்கெட்டும் தூரத்தில் நின்று இருமினேன். அவன் ஒரு கோலும் போடவில்லை. இன்னொருவன் வந்து மூன்று போட்டான்.

"ஐயோ அக்கா, ஊவெனை விட்டிட்டு நீங்கள் ஆரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேப்டன் தலையில் கைவைத்தார்.

"இவன்தான் ஊவென்னு அவனே சொன்னான்!" என்றேன்.

கேப்டனுக்கு என் பதில் புரியவில்லை. 'மதுரைத் தமிழ்' என்று மருத்துவ மாணவியிடம் முணுமுணுத்தார். அவருக்கும் திருப்பிக் கேட்கக் கூச்சம். ஆக இரண்டு பேரும் ஒரே மொழியில் பேசிக்கொண்டு, மரியாதையாக, தோற்றுக்கொண்டே இருந்தோம். ஞாயிறு மாலைகளில் போன் அடித்தது. இல்லை அப்பா, பரவாயில்லை, சாப்பிட்டனியோ.

கடைசி ஆட்டம் பல்கலைக்கழக ஊழியர் அணியோடு. கட்டடப் பராமரிப்பு, நூலகம், உணவகம் என்று எல்லா இடத்திலிருந்தும் வந்தவர்கள். முந்தைய நாள் அவர்களில் யாருக்கோ பிரிவு விருந்து நடந்திருக்கிறது. பாதிப் பேர் வெளிறிய முகத்தோடு, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கேப்டன் காலணி நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது எதிரணியில் ஒருவர் உரக்கச் சொன்னார்: "ஊவெ, உன் கையுறை இங்கே கிடக்கிறது!"

திரும்பிப் பார்த்தேன். அறுபது வயதை நெருங்கியவர், வெள்ளை மீசை, தொப்பை. கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்கு நடந்தார். பெயருக்கேற்ற வயதில் ஒரு ஊவெ! தோழி சொன்னது சரிதான். பருவம் முழுக்க ஏமாந்த எனக்கு அன்று ஒரு தெம்பு வந்தது. இந்த முறை ஊவெ யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் பாதியில் நாங்கள் இரண்டு கோல் போட்டோம். மருத்துவ மாணவி ஒன்று, கேப்டன் ஒன்று. பந்து எங்கள் பக்கமே வராததால் யாரையும் பிடிக்கச் சொல்லி எனக்குக் கட்டளையும் வரவில்லை. இடைவேளையில் அவர்கள் காபி குடித்தார்கள். அதற்குப் பிறகு விழித்துக்கொண்டு இரண்டைத் திருப்பிப் போட்டார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. அவர்களுடைய நூலகக்காரர் ஒருவர், நெட்டையானவர், பந்தோடு என்னைத் தாண்டி வந்தார்.

கேப்டன் குரல் உடைய அலறினார். "அக்கா! ஊவெனைப் பிடி!"

'யுங்கோ' இல்லை. முதல் முறையாக இல்லை. எவ்வளவு அவசரம் என்றால் மனுஷன் மரியாதையையே விட்டுவிட்டார்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஊவெ மைதானத்தின் அந்தக் கோடியில் கம்பத்தில் சாய்ந்து நின்றார். கோல்கீப்பரை எதற்குப் பிடிக்க வேண்டும் என்ற கேள்வி வரத்தான் செய்தது. ஆனால் கேட்க நேரமில்லை. நூலகக்காரரை அப்படியே விட்டுவிட்டு எதிர்த்திசையில் ஓடினேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஓடியதில்லை.

நான் ஓடுவதைப் பார்த்து நூலகக்காரர் பயந்துவிட்டார். பின்னால் ஏதோ விபத்து என்று நினைத்தாராம். திரும்பிப் பார்த்துக்கொண்டே உதைத்தார். பந்து மெதுவாக உருண்டு போய் எங்கள் கோல்கீப்பரின் கைக்குள் உட்கார்ந்தது. அதற்குள் நான் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன்.

"நீங்கள்தானே ஊவெ?" என்றேன், மூச்சிரைக்க.

"ஆமாம்?" என்றார் அவர், கவலையோடு.

அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பா வயது மனிதரை எங்கே என்று பிடிப்பது? என் பெயரைச் சொன்னேன், மதுரையிலிருந்து வந்து படிக்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வலது கையுறையைக் கழற்றி, ஒழுங்காகக் கையை நீட்டினார். நானும் பற்றிக்கொண்டேன். சந்தித்ததில் மகிழ்ச்சி என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் முதுகில் ஏதோ பலமாக வந்து மோதியது.

பந்துதான். எங்கள் கோல்கீப்பர் பதற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பந்து. சரியாக 'இங்கே கிடைக்கும்' என்ற இடத்தில் பட்டு, எங்கள் இருவர் தலைக்கும் மேலே எழும்பி, அவசரமே இல்லாமல் வலைக்குள் விழுந்தது.

ஊழியர் அணி கொதித்துவிட்டது. கோல்கீப்பரின் கவனத்தைக் கலைத்தது அநியாயம், இது செல்லாது என்று அவர்கள் கேப்டன் கத்தினார். வராத அணியிடம் வெற்றியை வாங்காத எங்கள் கேப்டன் இதை மட்டும் எப்படி வாதாடி வாங்குவார்? நான் அவர் பக்கம் நகரப் பார்த்தேன். "அக்கா, உங்கையே நில்லுங்கோ!" என்று தூரத்திலிருந்தே தடுத்தார். 'உங்க கை' என்றுதான் என் காதில் விழுந்தது. ஊவெயின் கையை நான் இன்னும் விட்டிருக்கவில்லை. அதைத்தான் சொல்கிறார்போல என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கடைசியில் அவர்கள் கேப்டன் ஊவெயிடமே கேட்டார். ஊவெ சற்று யோசித்தார்.

"இந்தப் பெண் வந்து என் பெயரைக் கேட்டாள். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். இருபது வருடமாக இங்கே ஆடுகிறேன், எதிரணியில் ஒருவர்கூட என் பெயரைக் கேட்டதில்லை. ஆட்டத்துக்கு நடுவே கையுறையைக் கழற்றியது என் தப்பு" என்றார். பிறகு, "கோல்தான்" என்றார்.

மீதிச் சில நிமிடங்கள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. நான் ஊவெயின் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் கேப்டன் புல்லில் உட்கார்ந்து முகத்தை மஞ்சள் சட்டையால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. யாரும் பக்கத்தில் போகவில்லை. போன் அடித்தது.

"வெண்டனீங்களோ?"

"ஓம்" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். "ஓம் அப்பா. வெண்டிட்டம்."

"ஆர் அடிச்சது?"

"எங்கட தமிழ்நாட்டு அக்கா."

"தலையாலையோ, காலாலையோ?"

கேப்டன் என்னைப் பார்த்தார். "முதுகாலை, அப்பா."

"பகிடி விடாதை."

"உண்மையாத்தான்."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவே மறந்து போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கேப்டன் கேட்டார். "அக்கா, குறை நினையாதேங்கோ. நீங்கள் ஏன் அங்கை போனனீங்கள்?"

"நீங்கதானே சொன்னீங்க? ஊவெயைப் பிடின்னு. அவர்தான் ஊவெ. கேட்டு கன்ஃபர்ம் பண்ணிட்டுத்தான் பிடிச்சேன்."

"ஊவெயோ? நான் எங்கை ஊவெ எண்டனான்? உவன் எண்டனான். உவன்!"

"உவன்னா யாரு?"

"உவன் எண்டால்..." அவர் கைகளை விரித்தார். "உவன்தான்! இவனில்லை. அவனுமில்லை. உங்களுக்குக் கிட்ட நிக்கிறவன், உவன்." மருத்துவ மாணவி உதவிக்கு வந்து, "உது, உவன், உங்கை" என்று அடுக்கினாள். அவர்களுக்குத் தினமும் புழங்கும் சொல், அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எனக்கோ தலைக்குள் ஆறாம் வகுப்புத் தமிழ் வகுப்பே திறந்துகொண்டது. சுட்டெழுத்துகள் அ, இ, உ. இவற்றுள் உ இன்று வழக்கில் இல்லை. மனப்பாடம் செய்து, எழுதி, முழு மதிப்பெண் வாங்கிய விடை. வழக்கில் இல்லாத அந்த எழுத்தைத்தான் ஒரு மனிதர் கோடை முழுவதும் என்னைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

கோல்கீப்பர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். மருத்துவ மாணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள். நான் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தேன், தாக்குப்பிடிக்க முடியவில்லை. கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்ல காலம் அக்கா, உங்களுக்கு என்ர தமிழ் விளங்கேல்லை. விளங்கியிருந்தால் இண்டைக்கும் தோத்திருப்பம்" என்றார்.

அவர் பிராங்பேர்ட் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது போன் செய்வார். அம்மா பேசினால், "அங்க எப்படி இருக்கு?" என்பாள். அந்த 'அங்க' எனக்கு எப்போதும் ரொம்பத் தூரமாகக் கேட்கும், போனை வைத்ததும் அழுகை வரும். கேப்டன், "உங்கை எப்பிடி, மழையோ?" என்பார். அதே தூரத்து ஊர்தான், ஆனால் நான் இருக்கிற இடம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சொல்லை எங்கள் ஊரில் எதற்காகத் தொலைத்தோம் என்று எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

ஊவெ என் துறைக் கட்டடத்தின் பராமரிப்பாளர் என்று பிறகு தெரிந்தது. ஒரு விடுமுறை நாளில் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் நின்று கேப்டனோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஊவெ சாவிக்கொத்தோடு அந்தப் பக்கம் வந்தார். என்னைப் பார்த்ததும் சாவியை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை நீட்டி, பெயர் சொல்லி வணக்கம் சொன்னார். அந்தக் குரல் போனிலும் கேட்டிருக்கிறது.

"அக்கா," என்றார் கேப்டன், "உவர் சுகமோ?"

யார் என்று நான் கேட்கவில்லை.